பத்திரமா வை

போன மாதம் அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. நான் வேலைக்குப் பயன்படுத்தும் லேப்டாப்புக்கு மூன்று வயது முடிந்துவிட்டது, புதியதை வாங்கிக்கொண்டு பழையதை ஒப்படைக்க வேண்டும். பழையதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கம்பெனிக் கணக்கில் அதன் மதிப்பு வருடா வருடம் தேய்ந்து பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. ஐ.டி. சப்போர்ட்டில் இருக்கும் தம்பி அதை வாங்கி, அடியில் இருந்த ஸ்டிக்கரை ஸ்கேன் செய்து, சுவரோரம் அடுக்கியிருந்த இருபது முப்பது லேப்டாப்புகளின் மேல் வைத்தான்.

“நல்லாத்தானப்பா ஓடுது” என்றேன்.

“எல்லாமே நல்லாத்தாண்ணா ஓடுது” என்றான்.

வீட்டில் இருக்கும் என் சொந்த லேப்டாப் 2016இல் வாங்கியது. பேட்டரி இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. கீபோர்டு ஒருமுறை, ஃபேன் ஒருமுறை. ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் இப்போது எஸ்.எஸ்.டி. இதனால் நண்பர்களிடம் எனக்குக் கஞ்சன் என்று பெயர். அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் மட்டும் மரியாதையாக வந்து கேட்பார்கள், எப்படிண்ணா பத்து வருஷம் வருது என்று. நானும் சொல்வேன். சார்ஜை எண்பது சதவீதத்தில் நிறுத்து. மெத்தை மேல் வைத்து ஓட்டாதே. வருடத்துக்கு ஒருமுறை அடியைத் திறந்து தூசி தட்டு. சொல்லும்போதெல்லாம் தொண்டையில் ஒரு முள் நிற்கும். ஏனென்றால் நான் வாழ்க்கையில் மிகவும் கவனமாகப் பாதுகாத்த கணினி இது இல்லை. அது வேறு ஒன்று. அதைப் பாதுகாத்தே கொன்றேன். அதோடு சேர்த்து இன்னொன்றையும் கெடுத்தேன். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

2

சின்னமனூரிலிருந்து தென்பழனி செக்போஸ்ட்டைத் தாண்டி பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் மேகமலை. இப்போது ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பூவின் பெயரை எழுதி வைத்திருக்கிறார்கள். நாங்கள் ஏறி இறங்கிய காலத்தில், எந்த வளைவில் யார் வாந்தி எடுப்பார்கள் என்பதை வைத்துத்தான் அடையாளம் சொல்வோம். மேலே போனால் ஹைவேவிஸ், மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறு என்று தேயிலையும் அணைத் தண்ணீருமாகப் போய்க்கொண்டே இருக்கும். சுற்றுலா வருபவர்கள் மேகம் வீட்டுக்குள் வருகிறது என்று வீடியோ எடுத்துப் போடுகிறார்கள். வரத்தான் செய்யும். வந்தால் போகாது. ஆடி மாதத்தில் துவைத்துப் போட்ட சட்டை நாலு நாளானாலும் காயாது, தீப்பெட்டி உரசினால் மருந்து வழித்துக்கொண்டு வரும், உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும். செருப்பை ஒரு வாரம் போடாமல் மூலையில் விட்டால் பச்சைப் பூசணம் பூத்திருக்கும்.

அம்மா கொழுந்து எடுத்தார். அப்பா தேயிலை ஃபேக்டரியில் டிரையர் பக்கம் வேலை. நாங்கள் இருந்தது லயன் வீடு. லயன் வீட்டைப் பற்றி வெளியில் இருப்பவர்களுக்கு ஒன்றை விளக்க வேண்டும். அது எஸ்டேட்டின் வீடு. வேலை இருக்கும்வரை குடியிருக்கலாம், ரிட்டயர் ஆனால் காலி செய்ய வேண்டும். சுவரில் ஆணி அடிக்கும்போதுகூட அப்பா ஒரு நிமிடம் யோசிப்பார். அந்த வீட்டில் எங்களுக்கே எங்களுக்கு என்று இருந்த பொருட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்: ஒரு ட்ரங்குப் பெட்டி, பாத்திரங்கள், அம்மாவின் கல்யாணப் பட்டு, ஒரு டேப் ரிக்கார்டர்.

2012 தொடக்கத்தில் அந்தப் பட்டியலில் ஒரு லேப்டாப் சேர்ந்தது. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்று திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கியது. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளில் ப்ளஸ் டூ படிப்பவர்கள், அதேபோல அரசு சார்ந்த கல்லூரி, பாலிடெக்னிக் மாணவர்கள் எல்லோருக்கும் எல்காட் மூலம் வாங்கிக் கொடுத்தார்கள். நான் முதல் வருடத்து ப்ளஸ் டூ. சின்னமனூரில் ஹாஸ்டலில் இருந்து படித்துக்கொண்டிருந்தேன். என் அக்கா 2010இல் ப்ளஸ் டூ முடித்துவிட்டாள். இரண்டு வருடம் முந்திப் பிறந்ததுதான் அவள் செய்த தப்பு.

‘இலவசம்’ என்று சொல்லக் கூடாது, ‘விலையில்லா’ என்றுதான் சொல்ல வேண்டும் என்பதில் அந்த அரசு கறாராக இருந்தது. அந்தச் சொல்லுக்குத் தமிழில் இரண்டு அர்த்தம் வரும். விலை கொடுக்க வேண்டாதது ஒன்று, விலையே மதிக்க முடியாதது மற்றொன்று. எங்கள் வீட்டில் இரண்டாவது அர்த்தத்தைத்தான் எடுத்துக்கொண்டோம். அப்பா அதை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்துவிட்டு, திறக்காமலே என்னிடம் திருப்பிக் கொடுத்துச் சொன்னார்: “பத்திரமா வைய்யா.”

அந்த நான்கைந்து மாதம் லீவுக்கு மேலே வரும்போதெல்லாம் அதைத் திறப்பேன். அக்கா வந்து பக்கத்தில் உட்காருவாள். அவள் அப்போது அஞ்சல் வழியில் பி.காம். சேர்ந்திருந்தாள், பகலில் கொழுந்துக்கும் போனாள். டைப்பிங் தெரிந்தால் கீழே ஏதாவது ஆபீஸில் வேலைக்குப் போகலாம் என்று அவளுக்கு ஓர் எண்ணம். ஒருநாள் நான் குளித்துவிட்டு வருவதற்குள் அவள் ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள். எனக்குச் சுருக்கென்றது. அன்று ராத்திரியே விண்டோஸுக்குப் பாஸ்வேர்டு போட்டேன். கேட்டதற்கு, “நீ எதையாச்சும் அமுக்கிக் கெடுத்துருவ” என்றேன். பதினேழு வயது. அந்த வயதில் சொன்னது என்று தள்ளிவிடலாம்தான். ஆனால் அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

மதுரையில் இன்ஜினியரிங் சேர்ந்தபோது லேப்டாப்பை எடுத்துப் போகவில்லை. ஹாஸ்டலில் திருடு போகும் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். கல்லூரியில்தான் லேப் இருக்கிறதே, முதல் இரண்டு வருடத்துக்கு அது போதும். ஆக, ஜூலை மாதத்தில் ஒரு மழை நாளில், அப்பாவும் நானுமாகச் சேர்ந்து அதைக் கட்டினோம். நன்றாகத் துடைத்தோம். ஒரு துண்டில் சுற்றி, பையில் போட்டு, பையைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, அதை இன்னொரு கவரில் போட்டுக் கயிறு கட்டி, ட்ரங்குப் பெட்டிக்குள் அம்மாவின் பட்டுச் சேலைக்கு மேல் வைத்தோம். நாலைந்து பாச்சை உருண்டையும் போட்டோம். பூட்டினோம்.

அக்கா இரண்டு மூன்று தடவை போன் செய்தாள். “டேய், பாஸ்வேர்டைச் சொல்லேன். டைப்பிங் மட்டும் பழகிக்கிறேன். வேற எதையும் தொட மாட்டேன்.” பரீட்சை முடியட்டும், நானே வந்து சொல்லித் தருகிறேன் என்றேன். பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள்.

மூன்றாம் ஆண்டு புராஜெக்டுக்கு வேண்டும் என்று 2014இல் பெட்டியைத் திறந்தோம். துண்டில் ஒரு நாற்றம். திரையின் ஓரங்களில் வெள்ளையாகப் பூசணம் படர்ந்திருந்தது. பொத்தானை அமுக்கினால் ஒரு சத்தமும் இல்லை. மதுரையில் ஒரு சர்வீஸ் கடைக்காரர் அடியைத் திறந்து, டார்ச் அடித்துக் காட்டினார். போர்டில் கனெக்டர்களைச் சுற்றிப் பச்சை பூத்திருந்தது. பேட்டரி அடியோடு இறங்கிப்போய் சார்ஜ் ஏற மறுத்தது.

“தண்ணி எதுவும் பட்டுச்சா?”

“இல்லண்ணே. பத்திரமா கட்டி வச்சிருந்தோம்.”

“எத்தனை நாளு?”

“ரெண்டு வருஷம்.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடியை மூடி ஸ்குரூவைப் போட்டுக் கொடுத்துவிட்டார். காசும் வாங்கவில்லை.

3

என்ன நடந்தது என்பது இப்போது எனக்குத் தெரியும். தெரிந்துகொள்ள அதிகம் மெனக்கெடவில்லை, என் தொழிலுக்குப் பக்கத்து வீட்டுச் சமாச்சாரம்தான்.

லித்தியம் அயன் பேட்டரியை 1991இல் சோனி முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு அடிப்படை போட்ட குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் கிடைத்தது. அந்தப் பேட்டரிக்கு இரண்டு விதமான முதுமை. ஒன்று, ஏற்றி இறக்குவதால் வருவது. ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொள்ளளவு குறையும். நம்மில் பலரும் இதை மட்டும்தான் நினைத்துப் பயப்படுகிறோம். இரண்டாவது, சும்மா இருப்பதால் வருவது. தொடாமல் வைத்தாலும் உள்ளே வேதிவினை நடந்துகொண்டேதான் இருக்கும். முழுச் சார்ஜில், வெயில் படும் இடத்தில் வைத்தால் அது வேகமாக நடக்கும். சார்ஜே இல்லாமல் வைத்தாலோ வேறு ஆபத்து. மிச்சமிருப்பதும் தானாகக் கசிந்து, மின்னழுத்தம் ஒரு கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால், உள்ளே செம்புத் தகடு கரையத் தொடங்கும். அதன் பிறகு சார்ஜ் ஏற்றுவதே ஆபத்து என்பதால் பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்றே கதவைச் சாத்திக்கொள்ளும். நீண்ட நாள் வைக்க வேண்டுமென்றால் பாதி சார்ஜில், குளிர்ந்த இடத்தில் வைத்து, சில மாதத்துக்கு ஒருமுறையாவது எடுத்துப் பார்க்க வேண்டும். பயன்படுத்தினால் தேயும், பயன்படுத்தாவிட்டால் சாகும். வேறு வழி அந்தப் பொருளுக்குள்ளேயே கிடையாது.

ஈரத்தின் கதை இன்னும் வேடிக்கை. மழை நாளில், ஈரக் காற்றில், முழுசாகக் காயாத துண்டில் சுற்றி, காற்றுப் புகாமல் கட்டினோம். ஈரத்தை வெளியே நிறுத்துவதாக நினைத்து உள்ளே வைத்துப் பூட்டினோம். ராத்திரி குளிரும்போது அது உள்ளே பனித்தது, பகலில் ஆவியானது, மறுபடி பனித்தது. இரண்டு வருடம். அதே லேப்டாப்பைத் தினமும் ஒரு மணி நேரம் ஓட்டியிருந்தால் அதன் சொந்தச் சூடே அதை உலர வைத்திருக்கும்.

என்னால் இன்றும் தாண்ட முடியாத இடம் ஒன்று உண்டு. அப்பாவுக்கு இது தெரியும். தேயிலையின் ஈரத்தை 3 சதவீதம் வரை இறக்குவதுதான் டிரையரில் அவர் வேலை. ஈரம் கொஞ்சம் தங்கினாலும் தூள் மூட்டைக்குள் கெட்டுவிடும் என்பதைக் கையால் அள்ளிப் பார்த்தே சொல்வார். கொழுந்தை அரைக்கும் சி.டி.சி. ரோலர்களின் பற்கள் இத்தனை மணி நேரம் ஓடினால் மழுங்கும் என்று கணக்கு உண்டு, கழற்றிச் சாணை பிடித்து மாட்டுவார்கள். ஃபேக்டரி ஃபிட்டர்களோடு முப்பது வருடம் நின்றவர். “ஓடுற மெஷின் கெடாது, நிக்கிற மெஷின்தான் கெடும்” என்று எத்தனையோ தடவை அவர் வாயால் கேட்டிருக்கிறேன். எஸ்டேட்டின் இயந்திரத்தை அவ்வளவு புரிந்துகொண்டவர், சொந்த இயந்திரம் என்று ஒன்று வீட்டுக்கு வந்ததும் அதைச் சவம் மாதிரி கட்டி வைத்தார். ஏன்?

பயம்தான். எஸ்டேட் ரோலர் உடைந்தால் வேறு ரோலர் வரும். எங்கள் வீட்டு லேப்டாப் உடைந்தால் வேறு வராது. இரண்டாவது இல்லாத வீட்டில், பயன்படுத்துவதே இழப்பாகத் தெரியும். உங்கள் வீட்டிலும் பார்த்திருப்பீர்கள். கவர் பிரிக்காத சோபா, பிளாஸ்டிக் உறை போட்ட டி.வி. ரிமோட், விருந்தாளி வந்தால் மட்டும் இறங்கும் கண்ணாடித் தம்ளர்கள், மடிப்பிலேயே இற்றுப்போகும் பட்டுச் சேலை. இதைக் கிண்டல் செய்து நிறைய மீம் வருகிறது. எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அந்தப் பிளாஸ்டிக் உறை, ‘இதுக்கப்புறம் இன்னொன்னு வாங்க எங்களால முடியாது’ என்று சொல்கிறது.

4

ஆனால் பயம் என்று சொல்லி முடித்துவிட்டால் என்னை நான் சுலபமாக விட்டுவிட்டதாகிவிடும். அப்பா பூட்டியது ஈரத்துக்கும் திருடனுக்கும் பயந்து. நான் பாஸ்வேர்டு போட்டது யாருக்குப் பயந்து?

‘பத்திரம்’ என்ற சொல் விசித்திரமானது. பத்திரமாக இரு என்றால் ஆபத்தில்லாமல் இரு. பத்திரம் எழுதுவது என்றால் சொத்தை ஒருவர் பெயருக்கு மாற்றுவது. ஒன்றைப் பத்திரமாக வைக்கிறேன் என்று நாம் சொல்லும்போது இந்த இரண்டில் எதைச் சொல்கிறோம் என்று நமக்கே பல நேரம் தெரிவதில்லை. ரோமானியச் சட்டத்தின் வழிவந்த மரபில் உடைமை என்பதை மூன்று உரிமைகளாகப் பிரிப்பார்கள்: பயன்படுத்தும் உரிமை, அதன் பலனை எடுக்கும் உரிமை, அதை அழிக்கும் உரிமை. நம்மூர்க் கிரயப் பத்திரங்களில் ‘ஆண்டு அனுபவித்து’ என்று ஒரு தொடர் வரும். அனுபவிப்பதைப் பத்திர எழுத்தர்கூட மறக்கவில்லை. நான் மறந்தேன். ஆண்டேன், அனுபவிக்கவில்லை, அனுபவிக்கக்கூடியவளையும் விடவில்லை.

லேப்டாப்பைப் பாதுகாத்தேன் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டதை உரித்துப் பார்த்தால், உள்ளே இருந்தது லேப்டாப் இல்லை. ‘இது எனக்குக் கொடுத்தது’ என்ற ஒன்றுதான். எங்களுக்கென்று சுவர்கூட இல்லாத வீட்டில், முதன்முதலாக ஒரு பொருள் என் பெயரைச் சொல்லி, பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, என் கையில் தரப்பட்டது. அந்த நிலையைத்தான் நான் பூசணம் பிடிக்காமல் காப்பாற்றப் பார்த்தேன். அக்கா தட்டினால் கீபோர்டு தேயாது. அது எங்கள் இருவரின் கீபோர்டு ஆகிவிடும். அதுதான் பயம். ‘கெடுத்துருவ’ என்ற சொல் வந்த இடம் அது என்று நினைக்கிறேன்.

அதனால்தான் அலுவலகத்தில் அந்த அடுக்கைப் பார்த்தபோது எனக்கு அருவருப்போடு ஒரு பழக்கமான உணர்வும் வந்தது. மூன்று வருடத்தில் தூக்கிப் போடுவதும், இரண்டு வருடம் தொடாமல் பூட்டி வைப்பதும் எதிரெதிர் துருவம் என்று நினைத்திருந்தேன். இரண்டிலுமே யாரும் அந்தப் பொருளின் முகத்தைப் பார்ப்பதில்லை. ஒருவர் கணக்கைப் பார்க்கிறார், மற்றவர் பூட்டைப் பார்க்கிறார்.

தமிழில் ரிப்பேருக்குப் ‘பழுது பார்த்தல்’ என்கிறோம். சரிசெய்தல், திருத்தல் எல்லாம் இருந்தும், இயந்திரம் என்று வந்தால் இந்தச் சொல்தான் நிலைத்திருக்கிறது. பழுதைப் பார்ப்பது. பார்த்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது என்று இந்த மொழியில் யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். பராமரிப்பதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு பார்ப்பதுதான். ஃபேன் சத்தம் நேற்றைவிட இன்று கொஞ்சம் கரகரக்கிறது. டச்பேடு லேசாக மேலே தூக்கியிருக்கிறது (பேட்டரி உப்புகிறது என்று அர்த்தம், உடனே ஓட்டுவதை நிறுத்துங்கள், அமுக்கிப் பார்க்காதீர்கள்). மூடியைத் திறக்கும்போது கீலில் ஒரு இறுக்கம். இதையெல்லாம் தினமும் தொடுகிறவர்தான் பார்க்க முடியும்.

எங்கள் பள்ளத்தாக்கே இதற்குச் சாட்சி. கம்பம் பள்ளத்தாக்கில் நெல்லும் திராட்சையும் விளைவது 1895இல் கட்டி முடித்த முல்லைப்பெரியாறு அணையால். சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்து கட்டியது. எங்கள் பக்கம் பென்னிகுவிக் படத்தை மாட்டிப் பொங்கல் வைக்கிறோம், பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கிறோம். 1979க்குப் பிறகு அதன் மேல் கான்கிரீட் போட்டு, உள்ளே துளையிட்டு எஃகுக் கம்பிகளால் இழுத்துக் கட்டி, பின்பக்கம் கான்கிரீட் சுவர் சேர்த்துத் தாங்க வைத்த இன்ஜினியர்களின் பெயரை எங்கள் ஊரில் ஒருவருக்கும் வைத்ததாகக் கேள்விப்படவில்லை. கட்டுபவருக்குச் சிலை உண்டு. பார்த்துக்கொள்பவருக்கு டி.ஏ.வோடு சரி. (அந்த அணை இன்னும் எத்தனை காலம் என்பது இரண்டு மாநிலங்களின் வழக்கு. நான் அதற்குள் போகவில்லை.)

5

கேட்டு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். நாள் முழுக்க பிளக்கிலேயே இருக்கும் மெஷின் என்றால் சார்ஜ் வரம்பை எண்பதில் வையுங்கள், இப்போது பெரும்பாலான லேப்டாப்புகளில் அந்த வசதி இருக்கிறது. மடியில் வைக்கும் கணினி என்று பெயரே தவிர, மடியும் மெத்தையும் அதன் மூச்சுத் துளைகளை அடைக்கும். திரையைப் பிடித்துத் தூக்காதீர்கள். பழைய ஹார்ட் டிஸ்க் இருக்கும் மெஷினை ஓடும்போது அசைக்காதீர்கள். மூன்று நான்கு வருடத்தில் ப்ராசஸர் மேல் தடவியிருக்கும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோகும், மாற்றினால் மெஷினுக்கு வயது குறைந்த மாதிரி இருக்கும். அவ்வளவுதான். இதில் ரகசியம் ஒன்றும் இல்லை.

ஆனால் இதையெல்லாம் செய்தாலும் மெஷின் சாகாமலேயே செத்ததாக அறிவிக்கப்படும் காலம் இது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11க்கு வேண்டிய சிப் இல்லாத லேப்டாப்புகள், முந்தைய நாள்வரை நன்றாக ஓடியவை, மறுநாள் காலை பாதுகாப்பில்லாதவை ஆயின. என்னுடையதும் அதில் ஒன்று. லினக்ஸ் போட்டேன், ஓடுகிறது. இன்னொரு பக்கம் மெமரியைப் போர்டோடு பற்றவைக்கிறார்கள், பேட்டரியைப் பசை போட்டு ஒட்டுகிறார்கள். மெலிதாக இருக்க வேண்டுமாம். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் போட்ட சட்டப்படி, 2027 பிப்ரவரியிலிருந்து அங்கே விற்கும் சாதனங்களின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும். என் 2012 லேப்டாப்பில் அடியில் இருந்த கொக்கியைத் தள்ளினால் பேட்டரி கையோடு வந்துவிடும். முன்னேற்றம் சில நேரம் பின்னால் திரும்பி வந்து நிற்கிறது.

இத்தனை மாற்றிய பிறகு இது அதே லேப்டாப்தானா என்று நண்பர்கள் கேட்பார்கள். கிரேக்கர்களின் தீசியஸ் கப்பல் கதை: பலகை பலகையாக மாற்றிய கப்பல் அதே கப்பலா? தத்துவ வகுப்பில் நல்ல கேள்வி. நானும் ஒரு காலத்தில் ராத்திரி முழுக்க இதைப் பேசியிருக்கிறேன். இப்போது எனக்கு அது கரையில் நின்று கேட்கிற கேள்வியாகத் தெரிகிறது. பலகை மாற்றிக்கொண்டிருப்பவருக்கு அந்தச் சந்தேகம் வராது. ட்ரங்குப் பெட்டியில் இருந்ததில் ஒரு ஸ்குரூகூட மாறவில்லை. எல்லாம் ஒரிஜினல்.

6

அப்பா ரிட்டயர் ஆனதும் லயன் வீட்டைக் காலி செய்து சின்னமனூருக்கு இறங்கி வந்துவிட்டார்கள், அக்கா வீட்டுக்குப் பக்கத்துத் தெரு. அக்கா பஸ் ஸ்டாண்டுக்கு அருகே ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். ஜெராக்ஸ் என்பது பெயர்ப்பலகையில் மட்டும். உண்மையில் சாதிச் சான்றிதழ், பட்டா மாறுதல், ஸ்காலர்ஷிப், தேர்வு விண்ணப்பம் என்று ஊரே அங்கேதான் அப்ளை செய்கிறது. டைப்பிங்கை முப்பது வயதுக்குப் பக்கத்தில், கடை வைத்த பிறகுதான் கற்றுக்கொண்டாள். பி.காம். பாதியில் நின்றது நின்றதுதான்.

கடையில் இருப்பது செகண்ட் ஹாண்டில் வாங்கிய ஒரு லேப்டாப். அவளிடம் வந்தே எட்டு வருடம் ஆகிறது. பார்க்கச் சகிக்காது. எழுத்துகள் அழிந்த கீபோர்டு, ஒரு பக்கக் கீல் உடைந்து, பின்னால் ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்து நிற்கும் திரை, டேப் சுற்றிய சார்ஜர். அவள், கடையில் உதவிக்கு இருக்கும் பெண், அக்கா பையன், அவசரமென்றால் வாடிக்கையாளர்களே எழுந்து வந்து என்று நாலைந்து கைகள் தினமும் தட்டுகின்றன. பூட்டுவதற்கு முன் பெயின்ட் பிரஷ் ஒன்றால் கீபோர்டையும் காற்றுத் துளைகளையும் தட்டிவிட்டுத்தான் மூடுகிறாள். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். “அப்பாதான். ஃபேக்டரில அப்படித்தான் பிரஷ் போடுவாங்களாம்” என்றாள்.

இந்தத் தைப்பொங்கலுக்குப் போனபோது பரணைச் சுத்தம் செய்கையில் அந்தப் பழைய பை கிடைத்தது. லேப்டாப் அப்படியே உள்ளே. கூடவே, மடித்து வைத்த ஒரு தாள். அந்தக் கணினிகளில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரோடு பாஸ் லினக்ஸ் என்று இன்னொரு இயங்குதளமும் போட்டுக் கொடுத்திருந்தார்கள். சிடாக் செய்தது. மெஷினை ஆன் செய்ததும் எது வேண்டும் என்று கேட்கும். நாங்கள் யாரும் அதைத் தொட்டதில்லை, விண்டோஸ் மட்டும்தான் கம்ப்யூட்டர் என்று நினைப்பு. அந்தத் தாளில் பாஸுக்கான பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அச்சாகியிருந்தன. நான் பூட்டியது ஒரு கதவை. பக்கத்திலேயே இன்னொரு கதவு, சாவி தொங்கிக்கொண்டிருந்தது. அதில் எழுதுவதற்கும் டைப் செய்து பழகுவதற்கும் வேண்டியதெல்லாம் இருந்திருக்கும்.

கடைக்கு எடுத்துப் போய் அக்காவிடம் காட்டினேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது தெரிஞ்சிருந்தா அப்பவே பழகியிருப்பேன்” என்றாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “பெட்டிச் சாவி அம்மாட்டதான இருந்துச்சு. எடுத்திருக்கலாம். நீ கெட்டுரும்னு சொன்னியா, எனக்கே பயமாயிருச்சு.”

நான் மன்னிப்பு கேட்டேனா என்றால், அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் சொன்னதில்லை. “தப்பு பண்ணிட்டேங்க்கா” என்றேன். “சரி, அங்கிட்டு நகரு, வெளிச்சத்த மறைக்கிற” என்றாள்.

நகர்ந்தபோதுதான் சுவரைப் பார்த்தேன். லேப்டாப்புக்கு நேர் மேலே, சாமி காலண்டருக்குக் கீழே, ஒரு அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக அவள் கணினியின் பாஸ்வேர்டு எழுதி ஒட்டியிருந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஊர் ஜனத்தின் ஆதார் நம்பரெல்லாம் இருக்கும் மெஷின், இப்படி ஒட்டி வைக்கலாமா என்று படபடவென்று பேசினேன். இப்போதும் அது தப்பு என்றுதான் சொல்வேன். ஆளுக்கொரு லாகின் போட்டுத் தருகிறேன், அரை மணி நேர வேலை என்றேன்.

“போட்டுக் குடு” என்றாள். “ஆனா அது வரைக்கும் அட்டை இருக்கட்டும். நான் சோத்துக்குப் போற நேரத்துல யாராச்சும் கடைசி நாள்னு வந்து நின்னா?”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு காலேஜ் பெண் வந்து நின்றாள். ஸ்காலர்ஷிப் விண்ணப்பம். அக்கா மரக்கட்டையைச் சரியாக நகர்த்தி, திரையை அவள் பக்கம் திருப்பிவிட்டு, “நீயே அடிம்மா, பேருல ஸ்பெல்லிங் மாறிரும்” என்றாள்.